பின்தொடை சதை கிழிந்தால்: படுக்கையிலிருந்து முழு வேக ஓட்டம் வரை

எனக்கு ஒரே தொடை இரண்டு தடவை கிழிந்தது. முதல் தடவை போதாத காலம் என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது முழுக்க என் அவசரம். அப்போது 23 வயது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த கால்பந்து டோர்னமெண்ட். வலது ஓரமாக நீளமாக வந்த பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது பின்தொடையில் யாரோ கல்லை விட்டு எறிந்த மாதிரி ஒரு அடி. "யாருலே எறிஞ்சது" என்று திரும்பியே பார்த்தேன். ஆளில்லை. அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை, அப்படியே கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே கூட்டாளிகள் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து அரை மணி நேரம் தேய்த்து உழிந்துவிட்டார்கள், பாசத்தோடுதான். விடிந்து பார்த்தால் முழங்காலுக்குப் பின்னால் வரை நாவல்பழ நிறத்தில் இரத்தம் இறங்கியிருந்தது. 15ஆம் நாள் நடந்தால் வலி இல்லை, 18ஆம் நாள் மெதுவாக ஓடினாலும் வலி இல்லை, 20ஆம் நாள் களத்தில் இறங்கினேன், பத்தாவது நிமிடத்தில் அதே இடம். அதற்கப்புறம் மூன்று மாதம் வேடிக்கை பார்க்கிற வேலைதான்.

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் சாயங்காலங்களில் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் டாக்டரோ பிஸியோவோ இல்லை. இரண்டாம் தடவை ஒரு நல்ல பிஸியோ என்னைத் திரும்ப ஓட வைத்தார், அவரிடம் கற்றது, அப்புறம் தேடிப் படித்தது, பையன்களைப் பக்கத்திலிருந்து கவனித்தது, இவ்வளவுதான் கீழே இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: வலி நின்றுவிட்டது என்பதற்கும் சதை தயாராகிவிட்டது என்பதற்கும் நடுவில் பல வாரம் இருக்கிறது, மறுபடியும் கிழிவது அந்த இடைவெளியில்தான்.

எது கிழிகிறது, எப்போது கிழிகிறது

எங்கள் பக்கம் இதை நரம்பு பிடித்துவிட்டது, நரம்பு பிசகிவிட்டது என்பார்கள். நரம்பில்லை, சதை. நாற்காலியில் உட்காரும்போது அடியில் முட்டுகிற எலும்பு இருக்கிறதே, அங்கே தொடங்கி முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டுகிற மூன்று தசைகளுக்குச் சேர்த்துத்தான் ஹாம்ஸ்ட்ரிங் என்று பேர். இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டையும் தாண்டிப் போவதுதான் இதன் வில்லங்கமே. வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகிற அந்தக் கணத்தில், மேலே இடுப்பு மடங்கியிருக்கிறது, கீழே முழங்கால் நீண்டுகொண்டிருக்கிறது, தசை இரண்டு பக்கமும் இழுபடுகிறது, அந்த வீச்சுக்கு பிரேக் போடுகிற பொறுப்பும் அதன் தலையில்தான். வள்ளத்தைக் கரையேற்றும்போது அது பின்னால் வழுக்கினால் கயிற்றை விட்டுவிடாமல், கை நழுவவும் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துப் பிடித்து நிறுத்துவோமே, அதே வேலை. கயிறு அறுவது இழுக்கும்போதைவிட இப்படித் தாங்கும்போதுதான்.

ஓடும்போது கிழிவது பெரும்பாலும் வெளிப்பக்கத் தசை. பந்தை உயர உதைக்கும்போதோ, காலை அகட்டி வழுக்கும்போதோ, நடனத்திலோ போவது பெரும்பாலும் உட்பக்கம், மேலே, உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில். இந்த இரண்டாவது வகை ஆளை ஏமாற்றும். முதல் நாள் லேசாகத்தான் தெரியும், நடந்துகூடப் போய்விடலாம், ஆனால் ஆறுவதற்கு மற்றதைவிட ரொம்ப நாள் இழுக்கும்.

லேசான கிழிசல் என்றால் இரண்டு மூன்று வாரம், நடுத்தரம் என்றால் நாலு முதல் எட்டு வாரம், முழுதாக அறுந்திருந்தால் மூன்று மாதமும் அதற்கு மேலும். இதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற கட்டங்களைக் காலண்டர் பார்த்துத் தாண்டாதீர்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சோதனை இருக்கிறது, அதில் தேறினால் மட்டும் அடுத்தது.

முதலில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்

"டப்" என்று சத்தம் கேட்டு அப்புறம் காலை ஊன்றவே முடியவில்லை, உட்காரும் எலும்புப் பக்கம் பள்ளம் விழுந்த மாதிரி தடவினால் தெரிகிறது, தொடை முழுக்கக் கறுத்துக்கொண்டே போகிறது, பாதம் மரத்துப்போகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, பக்கத்தில் எலும்பு டாக்டர் இருக்கிற வேறு எந்த இடமோ, அன்றைக்கே போங்கள். தசைநார் எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தால் ஆபரேஷன் தேவைப்படலாம், அதைத் தள்ளிப்போட்டால் வேலை கடினமாகும். 18 வயதுக்குள் இருக்கிற பையன்களும் பெண்களும் என்றால் கண்டிப்பாக எக்ஸ்ரே எடுங்கள். அந்த வயதில் எலும்பின் வளரும் முனை இன்னும் முழுக்க ஒட்டியிருக்காது, சதை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டோடு பெயர்ந்து வரலாம். பள்ளி விளையாட்டு விழா முடிந்த வாரத்தில் வருகிற தொடை வலியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொன்று. அடிபட்ட கணம் எது என்று சொல்லவே தெரியவில்லை, சும்மா இருந்து இருந்து பின்தொடை வலிக்கிறது, குனிந்து உட்கார்ந்தால் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது என்றால் கோளாறு முதுகில் இருக்கலாம். அதற்கு இந்த வழிகாட்டி சரிப்படாது. அதே மாதிரி, சில நாள் படுத்துக் கிடந்த பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டி சமாச்சாரம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

முதல் கட்டம்: முதல் ஐந்தாறு நாள்

அடிபட்டதும் நின்றுவிடுங்கள். நீட்டிப் பார்க்கிறேன், உதறிப் பார்க்கிறேன், ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கிறேன் எல்லாம் வேண்டாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் டெரெக் ரெட்மண்டுக்குத் தொடை போய், அவர் அப்பா ஓடிவந்து தோள் கொடுத்துக் கோடு வரை கூட்டிப்போனாரே, பார்த்தால் இன்றைக்கும் கண் கலங்கும். ஆனால் நம் ஊர் டோர்னமெண்டுக்கு அதெல்லாம் தேவையில்லை.

கடற்கரை ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீன் பெட்டிக்குப் போடுகிற நொறுக்கு ஐஸ் ஒரு கவர் கேட்டால் யாரும் தருவார்கள். அதை ஈரத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், துண்டில்லாமல் நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். மீன் நாற்றம் போகக் குளித்தால் போயிற்று. ஐஸ் வலியைத்தான் குறைக்கும், கிழிந்ததை ஒட்டாது, அதனால் நாள் முழுக்க அதோடு கிடக்கவேண்டாம். கிரேப் பேண்டேஜை முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள், கால்விரல் மதமதத்தால் தளர்த்துங்கள். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை.

சூடு, எண்ணெய் உழிச்சல், நீட்டல், குடி, இந்த நாலும் முதல் சில நாளுக்குக் கூடாது. நாலும் இரத்தக் கசிவைக் கூட்டும் அல்லது ஒட்டத் தொடங்கிய இழையைப் பிரிக்கும். வர்ம ஆசான்கள் இருக்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு உழிச்சல் வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசான் வீக்கம் வற்றாமல் தொடையில் கையே வைக்கமாட்டார், "இப்ப தொட்டா கெட்டுப்போவும் மக்ளே, பிறவு வா" என்று அனுப்பிவிடுவார். பக்கத்துவீட்டு மாமா கையில் காலைக் கொடுப்பதுதான் பிரச்சினை.

சரி, அப்படியானால் ஐந்து நாளும் அசையாமல் கிடக்கவேண்டுமா? அதுவும் தப்பு. 2017இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. தொடையிலும் கெண்டைக்காலிலும் சதை கிழிந்த 50 விளையாட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் நாளிலும் மீதிப் பேருக்கு ஒன்பதாம் நாளிலும் பயிற்சியைத் தொடங்கினார்கள். முன்னால் தொடங்கியவர்கள் சுமார் 63 நாளில் திரும்பினார்கள், ஒரு வாரம் சும்மா இருந்தவர்களுக்கு 83 நாள் ஆயிற்று. ஒரு வாரச் சோம்பலுக்கு மூன்று வாரம் வட்டி.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கவேண்டியது இது. மல்லாந்து படுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி, தரையைத் தோண்டி உங்கள் பக்கமாக இழுக்கிற மாதிரி அழுத்துங்கள். கால் நகராது, சதை மட்டும் இறுகும். 10 விநாடி பிடித்து விடுங்கள், ஐந்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. முதல் நாள் உங்கள் பலத்தில் கால்வாசி போதும், பிறகு பாதி, அப்புறம் முழங்காலின் மடக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கால் நீண்டிருக்கும் நிலையிலும் அதையே செய்யுங்கள். நடை என்றால் சின்னச் சின்ன அடி. நொண்டினால் கம்பு ஊன்றிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, நொண்டி நடந்து பழகினால் அதை மறக்கவைப்பது தனி வேலையாகிவிடும்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், 0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்கமுடியாது. பயிற்சியின்போது 3 வரை போகலாம், மறுநாள் காலை எழும்போது முந்தின நாளைவிட மோசமாக இருக்கக்கூடாது. துளியும் வலிக்கவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2020இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 4 வரை வலியை அனுமதித்தவர்களும், வலியே இல்லாமல் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் திரும்பினார்கள், ஆனால் கொஞ்சம் வலியோடு செய்தவர்களுக்குத் தசைப் பலம் நன்றாகத் திரும்பியிருந்தது. நான் 3இல் நிறுத்துவதற்குக் காரணம், நம் பையன்கள் 6 வலித்தாலும் 4 என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். சுவரை ஒட்டி மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காமல் நல்ல காலை மெதுவாக உயர்த்தி, குதிகால் எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அப்புறம் அடிபட்ட காலை, இழுக்கத் தொடங்கும் இடம் வரை மட்டும், இன்னொரு கோடு. தினமும் காலையில் அதே நேரம், தேதி போட்டு. என் பழைய அறைச் சுவரில் அந்தக் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறி நிற்கும், அம்மா வெள்ளையடிக்கும் வரை இருந்தது.

பத்து நிமிடம் நொண்டாமல் நடக்கமுடிகிறது, குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும்போது இன்னொருவர் கையால் லேசாகத் தடுத்தாலும் வலி 3ஐத் தாண்டவில்லை, சுவர்க்கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அடுத்த கட்டம்.

இரண்டாம் கட்டம்: நீண்டுகொண்டே தாங்கப் பழக்குவது

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள், வலி குறைந்ததும் நேராக ஓட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். நான் செய்ததும் அதுதான்.

முதலில் பிரிட்ஜ். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலும் மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள், 12 தடவை, மூன்று சுற்று. அது சப்பென்று ஆனதும் குதிகாலை இன்னும் தள்ளி வைத்துத் தூக்குங்கள், சுமை உடனே கூடும். அப்புறம் ஒற்றைக் காலில். கடைசியாகக் குதிகாலை ஒரு ஸ்டூல் மேலோ திண்ணை மேலோ வைத்து ஒற்றைக் காலில். இந்தக் கடைசி வகைதான் நம் சோதனையும். அடிபட்ட காலில் 20 தடவைகூடத் தூக்க முடியவில்லை என்றால் அந்தச் சதை இன்னும் பலவீனம், 25 பரவாயில்லை, 30 நல்லது. நல்ல காலையும் எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது.

இதோடு சேர்த்து மூன்று பயிற்சி. ஸ்வீடனில் கார்ல் ஆஸ்க்லிங் என்கிற ஆய்வாளர் வகுத்தவை, எக்ஸ்டெண்டர், டைவர், கிளைடர் என்று பேர். 2013இல் அவர் 75 கால்பந்து வீரர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, தசையை நீட்டியபடியே வேலை வாங்கும் இந்த முறையில் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள், வழக்கமான முறையில் 51 நாள். மூன்றுக்கும் ஒரு காசு செலவில்லை.

எக்ஸ்டெண்டர் தினம் இரண்டு வேளை. மல்லாந்து படுத்து, அடிபட்ட தொடையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி வைத்து, முழங்காலை மெதுவாக நீட்டுங்கள், வலி தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று.

டைவர் ஒன்றுவிட்டு ஒரு நாள். அடிபட்ட காலில் மட்டும் நின்று, அந்த முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், கைகள் முன்னால் நீள, மற்றக் கால் முழங்கால் மடங்கியபடி பின்னால் போகும். குளத்தில் குதிக்கப்போகிறவன் மெதுவாக அசைகிற மாதிரி இருக்கும். முதுகு வளையக்கூடாது. 6 தடவை, மூன்று சுற்று.

கிளைடர் மூன்று நாளைக்கு ஒரு தடவை, காரணம் இதுதான் மூன்றிலும் கனமானது. வழுவழுப்பான தரையில் ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நில்லுங்கள். அடிபட்ட கால் வெறுங்காலோடு முன்னால், முழங்கால் கொஞ்சமே மடங்கி, எடை முழுக்க அதன் குதிகாலில். சாக்ஸ் போட்ட கால் அப்படியே பின்னால் வழுக்கிப் போகட்டும். வலி தொடங்குமுன் நிறுத்துங்கள். திரும்பி வரும்போது காலால் இழுக்காதீர்கள், கம்பியைப் பிடித்த கையால் உடம்பை ஏற்றிக்கொள்ளுங்கள். 4 தடவை, மூன்று சுற்று. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரம் கூட்டலாம், பிறகு வேகம் கூட்டலாம். டைல்ஸ் தரையில் மழை ஈரம் இருந்தால் செய்யாதீர்கள், ஒரு பையன் அப்படி அகட்டி விழுந்து நல்ல காலையும் கெடுத்துக்கொண்டான்.

கூடவே சைக்கிள், வேக நடை. இடுப்பளவு தண்ணீரில் நடப்பதும் நல்லது, நம் மாவட்டத்தில் குளத்துக்கா குறைவு, ஆனால் பாசி பிடித்த படிக்கட்டில் கம்பியோ ஆளோ பிடித்து இறங்குங்கள்.

எந்த வழிகாட்டியிலும் சொல்லாத ஒன்று. எங்கள் பையன்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மேற்கே இருப்பவர்களில் சிலர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். குனிந்து நின்று வலை இழுப்பதும், சரிவில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வதும் இந்தச் சதைக்கு வேலைதான். "ரெஸ்ட்தான் எடுக்கேன் அண்ணே" என்பான், விசாரித்தால் காலையில் இரண்டு மணி நேரம் வலை இழுத்திருப்பான். வேலையை விடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, வயிற்றுப்பாடு. கடலுக்குப் போன நாளில் டைவரும் கிளைடரும் வேண்டாம், எக்ஸ்டெண்டர் மட்டும் போதும். வலை இழுக்கும்போது நல்ல காலை முன்னால் ஊன்றி, முழங்காலை மடக்கி இழுங்கள்.

ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது

அரை மணி நேர வேக நடை வலியில்லை, ஒற்றைக் கால் பிரிட்ஜ் 15ஐத் தாண்டிவிட்டது என்றால் ஓடத் தொடங்கலாம். இரண்டாம் கட்டப் பயிற்சிகளை நிறுத்தவேண்டாம், ஓட்டம் அவற்றோடு சேர்ந்து போகும். ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு.

முதல் ஓட்டங்களை லேசான ஏற்றத்தில் வையுங்கள். ஏற்றத்தில் அடி சுருங்கும், வேகம் தானாகக் குறையும், சதை எட்டி நீளவேண்டியதில்லை. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு ரோடு தேடவே வேண்டாம். ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். இறக்கத்தில் ஓடினால் ஏறியதன் பலன் போய்விடும்.

மணல் ஓட்டம் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் காலையில் ஓடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். தளர்ந்த மணலில் கால் புதையும், தள்ளி எழுப்பப் பின்தொடை கூடுதலாக உழைக்கும். அலை நனைத்த மணல் கெட்டிதான், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஓடும். அதனால் முதல் வாரங்களில் மணல் வேண்டாம். அதைவிட முக்கியம், மணலில் நீங்கள் ஒருபோதும் முழு வேகத்தை எட்டமாட்டீர்கள். மணலில் மாதக்கணக்கில் ஓடிவிட்டு நேராக மேட்சுக்குப் போகிறவன் முழு வேகத்தை முதன்முதலாக மேட்சில்தான் சந்திக்கிறான்.

சமதரைக்கு வந்ததும், நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியமோ உங்கள் ஊர்ப் பள்ளி கிரவுண்டோ, 60 மீட்டரை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 20 மீட்டர் வேகம் கூட்ட, 20 மீட்டர் அதே வேகத்தில், 20 மீட்டர் மெதுவாகக் குறைத்து நிற்க. செருப்பை அடையாளமாக வைத்தால் போதும். முதல் நாள் பாதி வேகம், ஆறு ஓட்டம். அடுத்த தடவை 60 சதவீதம், பிறகு 70, அங்கே இரண்டு தடவை தங்குங்கள், பிறகு 80. 80க்கு மேலே ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள், சதைக்கு விழுகிற சுமை அங்கேதான் சட்டென்று ஏறுகிறது. எந்தப் படியில் வலி வந்தாலும் அன்றைக்கு நிறுத்தி, அடுத்த தடவை ஒரு படி கீழே.

வேகத்தை மனசால் கணிக்காதீர்கள், ஓடுகிறவன் 80 என்று சொல்வது பெரும்பாலும் 90தான். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பழைய வேகத்தில் அந்த 20 மீட்டர் நடுப்பகுதியை 2.6 விநாடியில் கடந்தவர் என்றால் 80 சதவீதத்துக்கு 3.2 விநாடிக்குப் பக்கம் வரவேண்டும். கையால் அழுத்தி நேரம் பார்ப்பதில் பிழை இருக்கும்தான், இருந்தாலும் வாய்க்கணக்கைவிட மேல்.

90ஐத் தாண்டிய பிறகுதான் திரும்பி ஓடுவது, சட்டென்று நிற்பது, பந்தோடு ஓடுவது, தூர உதை எல்லாம். உதைப்பதிலும் படி உண்டு, முதலில் 10 மீட்டர் பாஸ், கடைசியில்தான் கார்னர் கிக்.

மூன்றாம் கட்டம்: கனம்

ஓட்டம் 70 சதவீதத்தில் இருக்கும்போதே இதைத் தொடங்கலாம். ஜிம் இருந்தால் ருமேனியன் டெட்லிஃப்ட், இல்லையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். கேனை இரண்டு கையால் உடம்பை ஒட்டிப் பிடித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்புறத்தைப் பின்னால் தள்ளியபடி குனியுங்கள், மூன்று விநாடி இறங்கி, ஒரு விநாடியில் எழும்புங்கள். 8 தடவை, மூன்று சுற்று. பிறகு ஒற்றைக் காலில், பாதி நிரப்பிய கேனோடு.

அப்புறம் நார்டிக். இதை ஒழுங்காகச் செய்கிற ஒரு டீமில் பின்தொடைக் கிழிசல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மடித்த சாக்கின் மேல் முழங்காலிட்டு நில்லுங்கள், கூட்டாளி ஒருவன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக, இடுப்பை ஒடிக்காமல், முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகும், அப்போது கையை ஊன்றி விழுங்கள், கையாலேயே தள்ளி எழும்பி மறுபடியும். கயிற்றை விட்டுக்கொடுத்துப் பிடிக்கிற வேலை என்றேனே, அது இதுதான், வள்ளம் நீங்களே.

முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவை இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள், மூன்று சுற்று, 6 முதல் 8 தடவை, நாலாவது வாரம் 8 முதல் 10. முதல் தடவை செய்த மறுநாள் பஸ் படி ஏறும்போது தாத்தா மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் அது உழைப்பு வலி. ஒரு பக்கம் மட்டும், ஒரு இடத்தில் மட்டும் குத்தினால் நிறுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஊசி பற்றிப் பேச்செடுப்பார்கள். சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடுகிற பிஆர்பி ஊசியை 2014இல் நெதர்லாந்தில் 80 பேரிடம் சோதித்தார்கள், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட அவர்கள் சீக்கிரம் திரும்பவில்லை. அந்தக் காசுக்குச் சாளை வாங்கித் தின்னலாம் என்பது என் கட்சி. மீன், முட்டை, பயறு, கூடவே எட்டு மணி நேரத் தூக்கம்.

களத்துக்குத் திரும்புமுன்

சுவர்க்கோடு இரண்டும் ஒரே உயரம். ஒற்றைக் கால் பிரிட்ஜ் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், 25க்கு மேல். பின்தொடையை விரலால் அழுத்தித் தேடினாலும் நோகிற இடம் இல்லை. முழு வேக ஓட்டம் குறைந்தது இரண்டு மூன்று நாள் தனித்தனியாக ஓடியாயிற்று, வலியும் இல்லை, மறுநாள் இறுக்கமும் இல்லை.

இவ்வளவும் தேறியவர்களுக்கு மட்டும் ஆஸ்க்லிங்கின் கடைசிச் சோதனை. பெஞ்சில் மல்லாந்து படுங்கள். நல்ல காலை ஒருவர் பெஞ்சோடு அழுத்திப் பிடிக்கட்டும், அடிபட்ட முழங்கால் மடங்காமல் சுற்றிலும் ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள், அந்தக் காலை உங்களால் முடிந்த முழு வேகத்தில் மேலே வீசுங்கள். வலிக்கிறதா என்று கேட்பதைவிட, பயமாக இருந்ததா, நடுவில் தானாகப் பிடித்துக்கொண்டீர்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இன்னும் மூன்று முதல் ஐந்து நாள் பயிற்சி, பிறகு மறுபடியும் வீச்சு. என் 20ஆம் நாளில் யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் பாதியிலேயே காலைக் கீழே போட்டிருப்பேன் என்று இப்போது தெரிகிறது. மெதுவாக எதைச் செய்தாலும் வலிக்கவில்லை, வேகமாக எதையும் செய்து பார்த்திருக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இறங்கலாமா என்று வசதியுள்ளவர்கள் கேட்பார்கள். ஆறி ஓடத் தொடங்கிவிட்ட பெரும்பாலோருக்கும் ஸ்கேனில் நீர்க்கோப்பு தெரிந்துகொண்டுதான் இருக்கும். பச்சைக்கொடி காட்டுகிற வேலை அதற்கு இல்லை, மேலே சொன்ன சோதனைகளுக்குத்தான்.

தேறிய பிறகும் நேராக மேட்சுக்கு வேண்டாம், முதலில் டீமோடு முழுப் பயிற்சி நாலைந்து நாள். முதல் மேட்சில் 20 நிமிடம், அதுவும் தொடக்கத்தில், உடம்பு சூடாக இருக்கும்போது. கடைசியில் இறக்கிவிடுகிற பழக்கம் நம் ஊர்க் கோச்சுகளுக்கு உண்டு, பெஞ்சில் ஒரு மணி நேரம் குளிர்ந்து கிடந்தவனை "ஓடுலே" என்று விரட்டினால் என்ன ஆகும். கால்பந்தில் இந்தக் கிழிசல்கள் ஒவ்வொரு பாதியும் முடியப்போகும் நேரத்தில்தான் கூடுதலாக நடக்கின்றன, களைத்த சதை பிரேக் போடத் தாமதிக்கும். அதனால் அடுத்த மேட்ச் 45 நிமிடம், அதற்கடுத்தது 70, பிறகு முழுசு.

ஒரு தடவை கிழிந்தவனுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், முதல் சில வாரங்களில் அது இன்னும் அதிகம். அந்த சீசன் முடியும் வரை வாரம் ஒரு நாள் நார்டிக், வாரம் ஒரு தடவையாவது முழு வேகத்தில் நாலைந்து ஓட்டம் வையுங்கள், வேகத்தை மறந்த சதைக்கு மேட்ச் வேகம் புதுசாகத் தெரியும். எங்கள் கிரவுண்டில் இப்போது செவ்வாய்க்கிழமை நார்டிக் நாள். கணுக்காலைப் பிடிக்கிறவன் சிரித்தால் பிடி நழுவும் என்பதால், சிரிக்கிறவன் அடுத்த சுற்றுக்கு மண்டியிடவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறோம்.